ஒன்பதாம் கேள்வி

ஒழுக்கநெறிக் குழு மாதத்தில் ஒருமுறை கூடும்,
இரண்டாம் செவ்வாய்.
அதற்குப் பத்து நாள் முன்னதாக
பதினான்கு பக்கம், மூன்று மொழி, மூன்று பிரதி
ஜயலத்தின் மேசையில் இருக்கவேண்டும்.
ஸ்டேப்ளர் அடிக்கக்கூடாது. கிளிப் மட்டும்.

என் தலைப்பு:
மாடிவீடுகளில் தங்கி வேலைசெய்யும் பெண்களின் ஓய்வு நேரம்.
ஷிரோமி மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"இருக்கிறதா, முதலில்?"
அதுதான் மேடம் ஆய்வு, என்றேன்.
பஸ்ஸில் வரும்போதும் அந்தப் பதில்
எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி.
மிசிஸ் பரஞ்சோதியின் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை.
கடல்காற்றில் ஜன்னல்கம்பி துருவாய் உதிரும்.
ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கும்.
அந்த நடுக்கத்தின்மேல் வைத்துத்தான்
பெட்டிகளுக்குச் சரி போட்டேன்.

உடலுக்குத் தீங்கு நேருமா? இல்லை.
உரையாடலுக்குத் தனியிடம் உண்டா?
மொட்டைமாடி, உடுப்புக் காயும் பக்கம்.
கேள்வி ஒன்பது:
ஆய்வாளருக்கும் பங்குபற்றுநருக்கும் இடையில்
அதிகார உறவு ஏதும் உண்டா?

இல்லை என்ற பெட்டியில் பேனை இறங்கும்போது
முழங்கைக்குப் பக்கத்தில்
புதுத் தேத்தண்ணியை வைத்துவிட்டு
பழைய கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள் சிவனம்மா,
பங்குபற்றுநர் இலக்கம் ஒன்று.

முதல்நாளே சம்மதித்திருந்தாள்.
"சரிங்க மிஸ்."
மீன் வெட்டு என்றாலும்
லிஃப்ட் பழுது, அரிசியைப் படியால் தூக்கு என்றாலும்
வரும் அதே சரிங்க.

பேனையை மூடி வைத்தேன் என்று எழுத ஆசை.
சரி போட்டேன்.
தேத்தண்ணியையும் குடித்தேன்.

மூன்று கிழமையில் படிவம் திரும்பி வந்தது.
ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு:
சம்மதப் பத்திரத்தின் தமிழ் விளங்கவில்லை.
யாருக்காவது வாசித்துக் காட்டித் திருத்தவும்.
ஒன்பதுக்குப் பக்கத்தில்
ஒரு புள்ளிகூட இல்லை.

மொட்டைமாடி. பின்னேரம் ஆறு மணி.
தண்ணீர்த் தாங்கியில் காகங்கள்,
தூரத்தில் துறைமுகத்துக்கு முறை பார்த்து நிற்கும் கப்பல்கள்.
சிவனம்மா கொடியிலிருந்து தலையணை உறைகளை எடுக்க
நான் வாசித்தேன்:
இவ்வாய்வில் பங்குபற்றல் தங்கள் சுயவிருப்பின் பாற்பட்டது.

"யாருங்க அது, தங்கள்?"

நீங்கதான், என்றேன். வெட்டினேன். நீங்கள் என்று எழுதினேன்.
பாற்பட்டதையும் வெட்டினேன்.

எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல்,
எந்தப் பாதிப்பும் இல்லாமல்
நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

உடுப்புக் கிளிப்போடு கை அப்படியே நின்றது.
"இன்னொருக்கா வாசிங்க."
வாசித்தேன்.
"காரணம் சொல்லாமயா?"
ஓம்.
"அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்களே?"
மாட்டேன்.
"சும்மா, வேணாம்னு சொன்னாப் போதுமா?"
போதும்.

கீழே காலிவீதியில் யாரோ ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.
கடைசி உறையை மடித்து, கூடையில் வைத்து,
அழுத்தி,
"அப்ப எனக்கு வேணாங்க மிஸ்" என்றாள்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்,
கல் சூடேறிவிட்டதா என்று
தண்ணீர் தெளித்துப் பார்ப்பவள்போல.

எனக்கு உள்ளே சுர்ரென்றது, உண்மைதான்.
முதலாம் இலக்கம் அவள்.
நான்கு வருடத்து ஓய்வு நேரம்
அந்தக் கூடையோடு படியிறங்கப் போகிறது.
சரி, என்றேன்.
சரிங்க, என்று திருத்தினேன்.

"அந்தத் தாள எனக்குத் தருவீங்களா?"

பங்குபற்றுவோருக்கு மட்டுமே பிரதி என்பது விதி.
கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.
நாலாய் மடித்து
தேசிய அடையாள அட்டை இருக்கும் உறைக்குள் வைத்தாள்.

அனுமதி கிடைத்தது, இலக்கத்தோடும் முத்திரையோடும்.
பன்னிரண்டு பேருக்கு அனுமதி, பதினொரு பேரோடு கதைத்தேன்.
அறிக்கையில் ஒரு வரி:
ஒருவர் விலகிக்கொண்டார். காரணம் கேட்கப்படவில்லை.
வாய்மொழிப் பரீட்சையில் அதை ஒருவரும் தொடவில்லை.

அடுத்த நாள் காலையும்
முழங்கைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி வந்தது.
அதற்கு இன்னும்
ஒருவரும் படிவம் அடிக்கவில்லை.